இளக்கம்

சூசை இன்னாசி வாய் திறந்து படுத்திருக்கிறார்.
பாம்பன் வடகடல் கரையில் மீன் ஏலம் விடுகிறவர்.
கீழ்த்தாடையில் முன்பக்கம் எட்டுப் பல் மிச்சம்,
அதற்குப் பின்னே இருபுறமும்
வெறும் ஈறு.

மூன்று வருடம் முன்பு
பழைய செட்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்.
நண்டுக் கூடைக்குள் விழுந்ததாம்,
ஆயிரத்து இருநூறு ஆயிரத்து இருநூறு என்று
விலை ஏறிக்கொண்டிருந்த நேரம்.
சிரித்தவர்களில் ஒருவன்
அந்த விலைக்கே நண்டை அள்ளிப் போனான்.
"அசையக் கூடாது டாக்டர், அவ்வளவுதான்.
எப்படி வேணாலும் கட்டுங்க."

கட்டினேன்.
கோரைப்பல்லை அடுத்த பல்லில், இடமும் வலமும்,
பின்விளிம்பில் ஊன்றிய வார்ப்புக் கொக்கி.
மாட்டும்போது டிக் என்றது.
எனக்கே பிடித்திருந்தது அந்தச் சத்தம்.
அடுத்த வாரம் ஒரு சீலா மீன்
வரவேற்பு மேசைக்கு வந்து சேர்ந்தது.
பில் போடும் ரிஸ்வானாவிடம்
ஒருமுறை கூவியும் காட்டினாராம்.

இன்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
வேரின் பின்புறம் ஒரு கறுப்பு ஆப்பு.
எலும்பு இருந்த இடம் அது.
சொத்தை இல்லை. அழுக்கும் அதிகமில்லை.
அந்தப் பல் செய்ததெல்லாம்
பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

ஈறு சதை, கடித்தால் அமுங்கும்.
அமுங்கும்போது செட் அதோடு பின்னால் தாழும்.
கொக்கி விடாது.
விடாத கொக்கி பல்லைச் சாய்க்கும்,
மயிரிழைதான்,
ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும்.
கணவாய் வேறு பிடிக்கும் அவருக்கு.

இரண்டு கருவியின் பிடிகளுக்கிடையே
பல்லை அசைத்துப் பார்க்கிறேன்.
வலது கொஞ்சம். இடது கூடுதல்.
கையை எடுத்ததும் சொல்கிறார்:
"செட்டு கல்லு மாதிரி இருக்கு டாக்டர்.
பல்லுதான் ஆடுது."

ஆமாம் என்றேன்.
வேறு சொல் வரவில்லை.

வெளியே கச்சான்.
தென்கடல் வத்தைகளும் வடக்கே வந்துவிட்டன.
அவ்வளவு நெருக்கத்திலும்
ஒவ்வொன்றும் கயிற்றை நீள விட்டுக் கிடக்கிறது.
அலை வந்தால் எழுந்து, போனால் இறங்கி.
பதினோரு வருடமாய்
இந்த ஜன்னலோரம்தான் டீ குடிக்கிறேன்.

லேபுக்குப் புதிதாய் ஒன்று வரைகிறேன்.
பல்லின் முன்விளிம்பில் சின்ன ஊன்றல்.
ஈறின் பக்கமிருந்து எழும் ஒற்றைக் கம்பி,
நுனியால் மட்டும் பல்லைத் தொடும்.
கடிக்கையில் செட் தாழ,
கம்பியும் கீழிறங்கிப் பல்லை விடும்.
கடி முடிந்ததும் திரும்பி வரும்.
படத்துக்குக் கீழே எழுதுகிறேன்:
இறுக்க வேண்டாம்.
எழுதியதன் கீழ் ஒரு கோடும் இழுக்கிறேன்,
லேபில் இருப்பவனா தப்புச் செய்தான்?

போன எலும்பு வராது என்கிறேன்.
இதற்குமேல் போகாமல் பார்க்கலாம்.
பார்க்கலாம் என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.
காசு சொல்கிறேன்.
பிறகு, வேண்டாம், லேபுக்குள்ளது மட்டும் போதும் என்கிறேன்.
விலை ஏறியே கேட்டுப் பழகியவர்
ஒரு நிமிடம் என்னைப் பார்க்கிறார்.

"இந்தத் தடவை கொஞ்சம் அசையும்.
கூவும்போது தெரியும்."

"எவ்வளவு?"

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டுகிறேன்.
அவர் அதை நண்டின் எடை பார்ப்பதுபோல் பார்க்கிறார்.
எழுந்து கண்ணாடிக்குப் போகிறார்.
செட் இல்லாத வாயோடு
யாருக்கும் கேட்காத குரலில்
ஆயிரத்து இருநூறு என்கிறார்.
கடைசி எழுத்து மட்டும்
காற்றாய்ப் போகிறது.
திரும்பவும் சொல்லிப் பார்க்கிறார்.